நிலைவாசலில் தலைகீழாகப் பூத்த கள்ளி

ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் மேல் ஏறி நின்றேன். இடம், நிலாவெளியில் என் தம்பி மோகன் கட்டிய புது வீட்டின் வாசல். நேரம், அவர்கள் குடிபுகும் குடிபூரல் நாள் முற்பகல் பதினொன்று ஐந்து. வலது கையில் மிகச் சிறிய தூரிகை ஒன்று. கீழே பட்டுச் சேலைகளும் வேட்டிகளுமாக ஏறத்தாழ நாற்பது பேர்.

கதிரையின் கால்கள் புதுத் தரையில் வழுக்கக்கூடாது என்று நஸீரா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வேலை செய்யும் கந்தோரில் நஸீரா எனக்குப் பக்கத்து மேசை. கிண்ணியாவிலிருந்து ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டரில் பாலம் கடந்து வருபவள்.

"அக்கா, இறங்குங்கோ. ஆக்கள் பாக்கினம்," என்றான் மோகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும்."

என் முகத்துக்கு நேரே, நிலையில் அடித்த ஆணியில், மஞ்சள் பூசிய கயிற்றில் ஒரு கள்ளிச்செடி தொங்கியது. வேர் மேலே, தலை கீழே. ஒரு பக்கம் தேசிக்காய், மறு பக்கம் ஏழு காய்ந்த மிளகாய். புது வீட்டின் மேல் விழும் கண்ணூறு எல்லாம் அந்த முள்ளில் பட்டுக் கழிந்துபோக வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தச் செடிக்கு ஒன்பது வயது. விதையிலிருந்து அதை வளர்த்தவள் நான். அன்றுதான் அது தன் வாழ்க்கையின் முதற் பூவை விரித்திருந்தது, தரையைப் பார்த்தபடி.

மான் தின்னாதது

நான் எப்படி முள்ளுக்கு வந்தேன் என்று இந்தப் பத்தியில் முன்பு ஒரு கிழமை எழுதியதாக நினைவு. எழுதாவிட்டால் இப்போது எழுதிவிடுகிறேன். மான்களால்தான் வந்தேன்.

உட்துறைமுகத்துக்கு மேலே ஏறும் ஒழுங்கையில் எங்கள் வீடு. பெற்றோர் போனபின் நான் மட்டும் இருக்கிறேன். எங்கள் ஊர் மான்கள் காட்டைத் தேடிப் போவதில்லை. வீதியில் நடக்கும், கடை வாசலில் படுக்கும், படலை திறந்திருந்தால் உள்ளே வரும். என் ரோசாவைத் தின்றன. செவ்வரத்தையைத் தின்றன. துளசியைச் சட்டி விளிம்புவரை தின்றன. வேலியை ஓர் அடி உயர்த்தினேன். அவை அடுத்த வீட்டு மதிலால் வந்தன.

அப்படியென்றால் உங்களால் தின்ன முடியாததை வளர்க்கிறேன் என்று முடிவெடுத்தேன். வளர்ந்த செடியை வாங்கியிருக்கலாம். ஆனால் என் தொழில் படவரைஞர் வேலை. நான் வரையாத படத்தில் என் கையெழுத்தைப் போடுவதில்லை. வாங்கிய செடி வேறு யாரோ பட்ட பாடு. எனக்கு விதை வேண்டியிருந்தது.

கொழும்பில் செடி விற்கும் ஒருவருக்கு எழுதினேன். தபாலில் மடித்த கடதாசிக்குள் நாற்பது விதை வந்தது. கடுகைவிடச் சற்றுப் பெரியவை, கபில நிறம், ஒவ்வொன்றும் கவிழ்த்துவிட்ட வள்ளம்போல நடுவில் குழிந்தவை. மெக்சிக்கோப் பாலைநிலத்தின் கள்ளி இனம். எட்டு மடிப்பு, வெள்ளைப் பொட்டு, மஞ்சள் முள் என்று அவர் எழுதியிருந்தார். பூக்க எவ்வளவு காலம் என்று கேட்டு மறுபடி எழுதினேன். "பொறுமையாக இருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எத்தனை வருடம் என்று சொல்லாத அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

கடல் மண்ணும் இடியப்பச் சட்டியும்

முதல் இருபது விதையை நானே கொன்றேன்.

மணற்பாங்கான மண் வேண்டும் என்று வாசித்திருந்தேன். இந்த ஊரில் மணலுக்கு எங்கே போவது என்று யாராவது யோசிப்பார்களா? கடற்கரையில் ஒரு பை அள்ளி வந்தேன். உப்பு இருக்கும் என்று தெரியும். ஆகவே ஏழு முறை கழுவினேன், எங்கள் கிணற்றுத் தண்ணீரால்.

எங்கள் கிணறு உவர்க் கிணறு. அதில் குளிக்கலாம், தோய்க்கலாம். தேத்தண்ணி வைக்க ஏலாது. இது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். தெரிந்தும் உப்பை உப்புத் தண்ணீரால் ஏழு முறை கழுவி, எண்ணிக்கை சரியென்று திருப்திப்பட்டேன். முளைத்த மூன்றும் பதினோராம் நாள் வெளிறிச் சாய்ந்தன.

கந்தோரில் சொன்னேன். நஸீரா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க விதை போடல்ல மிஸ். கருவாடு போட்டிருக்கிறீங்க."

ஆனால் அடுத்த திங்கள் அவள்தான் ஸ்கூட்டரில் அரை மூடை ஆற்று மண் கொண்டுவந்தாள். அவர்கள் வீட்டுச் சுவர் கட்டி மிஞ்சியது. அதோடு செங்கல்லை இடித்து அரித்துச் சேர்த்தேன். அடுப்புக் கரியை நொறுக்கிச் சேர்த்தேன். இந்த ஊரின் ஈரத்தில் பூஞ்சணம் வராமல் இருக்க, கலவை முழுவதையும் இடியப்பச் சட்டியில் முக்கால் மணித்தியாலம் ஆவியில் அவித்தேன். அந்த நேரம் பார்த்து மோகன் குசினிக்குள் வந்தான்.

"என்னக்கா அவியுது?"

"மண்."

அவன் மூடியைத் திறந்து பார்த்தான். அதன் பிறகு ஒரு வருடம், என் வீட்டில் இடியப்பம் வைத்தால் முகர்ந்துதான் சாப்பிட்டான்.

அவித்த மண்ணை ஆறவிட்டு, மழைத்தண்ணீரால் நனைத்து, மூடியுள்ள கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் பரப்பினேன். விதையைப் புதைக்கக்கூடாது. மேலே வைத்து மெல்ல அழுத்தி, மூடியை இறுக்கிவிட வேண்டும். மூடிக்கு உள்ளே தானே வியர்த்துத் தானே நனையும். ஐந்தாம் நாள் பச்சை மணிகள் தெரிந்தன. இருபதில் பதினான்கு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கழித்தல் கணக்கு. ஒரு வருடத்தில் ஒரு பட்டாணி அளவுதான் வளரும். வைகாசியில் கச்சான் காற்று தொடங்கினால் பகல் முழுக்கச் சுடும். என் வெள்ளை வொயில் சேலை ஒன்றை மொட்டைமாடியில் நான்கு தடியில் கட்டி நிழல் போட்டேன். மாரியில் எதிர்ப்பக்கத்து ஆபத்து. காலையில் பச்சையாக இருப்பது மாலையில் அடியில் செம்மஞ்சளாகிக் குழைந்துவிடும். பதினான்கு ஒன்பதானது, ஒன்பது ஐந்தானது. ஆறாம் வருட மாரி முடிய மிஞ்சியவை இரண்டு. மற்றச் சட்டிகளில் வேறு இனங்கள் நன்றாகவே பெருகின. இந்த இனத்தில் மட்டும் இரண்டு.

"பிள்ளை குட்டி இல்லாததுக்கு முள்ளை வளக்கிறா" என்று உறவில் ஒருவர் சொன்னார், எனக்குக் கேட்கும் தூரத்தில். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நேரத்தோடும் நாளோடும் என் குறிப்பேட்டில் இருக்கிறது.

இரண்டு மொட்டு

இந்தக் கள்ளிக்கு ஒரு குணம். தன் மகரந்தத்தால் தான் காய்க்காது. இரண்டு செடி வேண்டும், இரண்டும் ஒரே நாட்களில் பூக்க வேண்டும். பூவின் ஆயுள் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

கடந்த ஆடி முடியும்போது இரண்டின் உச்சியிலும் வெள்ளைப் பஞ்சுக்குள்ளிருந்து மொட்டு எழுந்தது. ஒன்பதாம் வருடம். நான் அடிமட்டம் வைத்து நாள்தோறும் அளந்தேன். ஒன்று மற்றதற்கு ஒரு நாள் பிந்தி வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குப் பூ பெரிதல்ல. விதைதான் வேண்டியிருந்தது. இந்த ஊரின் கச்சானையும் மாரியையும் உப்புக் காற்றையும் தாங்கி மிஞ்சிய இரண்டின் விதை. இனி ஒருவருக்கும் எழுதிக் கேட்கத் தேவையில்லாத விதை.

குடிபூரலுக்கு மூன்று நாள் முன்னர் நான் கந்தோரில் இருந்தபோது மோகன் குத்துவிளக்கு எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறான். அவனிடம் வீட்டுத் திறப்பு ஒன்று இருக்கிறது. மாலையில் நான் மொட்டைமாடிக்கு ஏறினால், இரண்டில் ஒரு சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. செங்கல் பொடி சிதறியிருந்தது. அதில் தலைமயிர் போன்ற வெள்ளை வேர்கள்.

மான் வரவில்லை. மொட்டைமாடிக்கு மான் ஏறாது. மோகனுக்கு அழைத்தேன்.

"ஓம் அக்கா, நான்தான் எடுத்தனான். வாசலில கட்ட முள்ளு வேணும் எண்டு மாமி சொன்னவா. உங்களிட்ட நூறு கிடக்குத்தானே, ஒண்டு எடுத்தால் என்ன?"

"எந்த ஒண்டு எண்டு தெரியுமா உனக்கு?"

"நல்ல முள்ளாப் பாத்து எடுத்தனான்."

மாமி என்பது அவன் மனைவி சுமதியின் தாயார். வீட்டுக் காரியங்களில் கடைசிச் சொல் அவருடையது.

"அதை இறக்கித் தா, மோகன். வேற முள்ளு தாறன். பத்து வேணுமெண்டாலும் தாறன்."

"இனி ஏலாது அக்கா. மாமி கற்பூரம் காட்டிக் கட்டிப்போட்டா. ஒரு மண்டலத்துக்கு இறக்கக்கூடாதாம். இறக்கினால் கண்ணூறு ரெண்டு மடங்காத் திரும்புமாம்."

கள்ளி பற்றி எனக்கு ஒன்று தெரியும். வேரோடு பிடுங்கி உலரவிட்டாலும் அது உடனே சாகாது. உடம்பில் தண்ணீர் இருக்கும்வரை தன் வேலையைச் செய்யும். வந்த மொட்டை விரிக்கும்.

இரண்டாம் நாள் முற்பகல் என் வீட்டுச் செடி பூத்தது. நான் சுமதிக்கு அழைத்தேன்.

"மச்சாள், வாசலில தொங்கிறதில ஏதும் பூ தெரியுதா?"

"ஓம் மச்சாள். மஞ்சளா நுனி தெரியுது. நல்ல சகுனம் எண்டு அம்மாவுக்குச் சந்தோசம்."

"நாளைக்கு விரியும். நான் வாறன்."

"வராமல்? குடிபூரலுக்கு நீங்கள் வராமல் ஆர் வாறது?"

பொருத்தம்

என் மடியில் சட்டி, சட்டியைச் சுற்றி ஓட்டை வெட்டிய அட்டைப் பெட்டி, முன்னால் ஸ்கூட்டர் ஓட்டும் நஸீரா. அவளையும் மோகன் அழைத்திருந்தான். உப்புவெளி தாண்டும்போது பின்னாலிருந்து காற்று தள்ளியது. மேடுபள்ளம் வரும் ஒவ்வொரு முறையும் "பிடிச்சுக்கொள்ளுங்க மிஸ்" என்றாள். என்னையா சட்டியையா என்று நான் கேட்கவில்லை.

வாசலில் மாமி நின்றார். நான் பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது.

"பிள்ளை, முள்ளை நல்ல நாளில வாசலுக்குக் கொண்டு வராதேங்கோ."

"மாமி, முள்ளு ஏற்கெனவே உங்கட வாசலில இருக்கு."

"அது தொங்குது. இது நிக்குது."

சட்டியை நஸீராவிடம் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். பூ முழுதாக விரிந்திருந்தது. ஒன்பது வருடமாக அதை மேலிருந்து குனிந்து பார்ப்பதாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். மணிபோலக் கவிழ்ந்து, பட்டுப்போல மினுங்கி, அது என்னைக் குனிந்து பார்த்தது. அதன் கீழால் ஆட்கள் போய் வந்தார்கள். ஒரு பெண்ணின் கொண்டை உரசாமல் தப்பியது.

மோகனைத் தனியே கூப்பிட்டேன்.

"பத்து நிமிசத்துக்கு இறக்கித் தா. நானே திருப்பிக் கட்டிவிடுறன்."

"மாமி கோவிப்பா அக்கா. விளங்கிக்கொள்ளுங்கோ."

"அப்ப இறக்க வேண்டாம். கதிரை தா."

"என்னத்துக்கு?"

அவன் தரவில்லை. நானே விருந்தினர் வரிசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்து வந்தேன்.

மேலே சொன்ன பதினொன்று ஐந்து அதுதான். படம் வரையும் தூரிகையை அன்று காலைதான் புதிதாகப் பிரித்தேன். தொங்கும் பூவின் மகரந்தத்தைத் தொட்டவுடன் பாதி என் மூக்குக்கண்ணாடியில் கொட்டியது. தலைகீழ்ப் பூவுக்குப் புத்தகத்தில் வழி எழுதியிருக்கவில்லை. இடது உள்ளங்கையைக் கீழே ஏந்திக்கொண்டு தூரிகையைச் சுழற்றினேன். கையில் சேர்ந்ததை, நஸீரா ஒரு கையில் உயர்த்திப் பிடித்த சட்டிப் பூவின் நடுவில் தடவினேன். பிறகு இங்கிருந்து எடுத்து அங்கே.

"டீச்சர் என்ன, பெயின்ற் அடிக்கிறாவோ?" என்று வேட்டி கட்டிய ஒருவர் கேட்டார். கண்ணாடி போட்ட பெண் எல்லோருக்கும் டீச்சர்தான்.

"கலியாணம் செய்து வைக்கிறா," என்றாள் நஸீரா.

பந்தலே சிரித்தது. சிரித்த வேகத்தில் அடங்கியும் போனது. கலியாணம் செய்யாத ஒருத்தி கதிரையில் நிற்பது சிலருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மௌனம் எனக்குப் பழக்கம். அதை நிரப்பும் வேலையை முப்பது வருடமாக நான் ஒருவருக்கும் செய்து கொடுத்ததில்லை. தூரிகையைக் கழுவாமல் அடுத்த மகரந்தத் தாளுக்குப் போனேன்.

அதே வேட்டிக்காரர்தான் பேசினார். "பொருத்தம் பாத்தாச்சோ பிள்ளை?"

"ஒன்பது வருசமாப் பாத்திட்டன் ஐயா."

இறங்கி, கதிரையைத் துடைத்து, எடுத்த இடத்தில் வைத்தேன். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன். பாயாசம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். உண்மையில் ஒரு முறையே எனக்குப் போதும்.

புறப்படும்போது மோகன் படலைவரை வந்தான்.

"எல்லாருக்கும் முன்னால என்னை அவமானப்படுத்திப்போட்டீங்கள்."

"என்னிட்டக் கேக்காமல் எடுத்தனி. நான் உன்னிட்டக் கேட்டுத்தான் ஏறினனான். நாற்பத்தெட்டு நாள் தொங்கட்டும். நாற்பத்தொன்பதாம் நாள் காலமை பத்து மணிக்கு வந்து அவிழ்ப்பன்."

அவன் அதை வெறும் கோபக் கதை என்று எடுத்திருக்க வேண்டும்.

நாற்பத்தொன்பதாம் நாள்

என் வீட்டுச் செடியில் காய் பிடித்தது. ஐந்தாம் கிழமை அது அடியில் வெடித்தது. விதைகளை வெள்ளைக் கடதாசியில் கொட்டி இரண்டு முறை எண்ணினேன். முப்பத்தொன்று.

நாற்பத்தொன்பதாம் நாள் நிலாவெளிக்கு பஸ்ஸில் போனேன். மாரிக்கு வானம் மூடத் தொடங்கியிருந்தது. கையில் கத்தரிக்கோல், காய்ந்த துணி, ஒரு கூடை. பத்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. மூன்று நிமிடம் வீதியில் நின்றேன்.

மோகன் வெளியே வந்தான். உள்ளே மாமி நிற்பது யன்னல் சேலையின் அசைவில் தெரிந்தது.

"உண்மையா வந்திட்டீங்கள்," என்றான்.

"சொன்னனான்தானே."

செடி சுருங்கியிருந்தது. மடிப்புகள் கத்தி விளிம்பாக ஒடுங்கி, உடம்பு பாதியாகியிருந்தது. பூ கருகி ஒட்டியிருந்தது. அதில் காய் இல்லை. கயிறு இறுக்கிய இடத்தில் தோல் கபில நிறத் தழும்பாக இருந்தது. அமத்திப் பார்த்தேன். உள்ளே கெட்டி. உயிர் இருந்தது.

சுமதி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தாள். தாய் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அது சிறிய காரியமல்ல.

கயிற்றில் கத்தரிக்கோலை வைத்தபோது மோகனின் குரல் தாழ்ந்தது.

"அக்கா, இனி இந்த வீட்டுக்கு ஏதும் வந்தால்?"

"வந்தால் என்ர பேரைச் சொல்லு."

"சும்மா கதைக்காதேங்கோ."

"சும்மா இல்லை. கூரை ஒழுகினாலும் நான்தான். கிணறு வத்தினாலும் நான்தான். அடுத்த வீட்டு நாய் உன்னைப் பாத்துக் குரைச்சாலும் நான்தான். ஆர் வந்து கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுவன்."

அது என்ன பேச்சு என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பங்களில் ஒருத்தியின் பெயர் இப்படி ஒரு வீட்டு வாசலில் ஒட்டிக்கொண்டால் பிறகு இலகுவில் கழலாது. அடுத்த நல்ல காரியத்துக்கு அழைப்பு பிந்தி வரும். நான் நின்றால் விளக்கேற்ற வேறு யாரையாவது தேடுவார்கள். அதையெல்லாம் யோசித்த பிறகுதான் சொன்னேன். கயிற்றை வெட்டினேன். செடியைத் துணியில் சுற்றி, தலை மேலே இருக்கும்படி கூடையில் வைத்தேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு இருக்கை கிடைத்தது. அந்த இருக்கையைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. முள் தெரிந்தது.

மறுநாள் முப்பத்தொரு விதையையும் அவித்த மண்ணில் வைத்து மூடினேன்.

எட்டாம் நாள் மோகன் அழைத்தான்.

"தண்ணி மோட்டர் எரிஞ்சுபோச்சு அக்கா."

"என்ர பேரைச் சொன்னனியா?"

"மாமி சொன்னவா."

"நீ?"

"நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டனான்."

சரி என்று வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். மூடியைத் திறக்காமல் மேலாலேயே எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பிறகு அன்றைய பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன்.

நிலாவெளி வீட்டு மோட்டர் எரிந்தது. காரணம், நான்.

முளைத்தவை இருபத்திரண்டு. காரணம், நான்.